ஒரு மணி நேரத்துக்குள்

கிடாக்களை எனக்குத் தெரியும்.
மட்டாவுரா ஆற்றோரப் பண்ணைகளில்
இருபத்தொரு வருஷமாக ரோமம் கத்தரிக்கிறேன்.
குட்டிகளின் விதையில் ரப்பர் வளையம் மாட்டி
'அடுத்ததைக் கொண்டா' என்ற வாய் இது.
அதனால்தான்
நைரி அந்தப் பேச்சை எடுத்ததும்
என் தொடைகள் தாமாக ஒட்டிக்கொண்டன.

"பதினொரு வருஷம் நான் மாத்திரை விழுங்கியாச்சு.
கேலம் பிறந்த அன்று என் ரத்தம்
நர்ஸின் செருப்பை நனைத்தது.
இனி உன் முறை, டூகல்."
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.
கத்தி அவள் கையில் இருந்தது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் ஃபலெதாவ் காகிதத்தில் படம் போட்டார்.
இரண்டு குழாய்,
சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமன்.
வெட்டுவது அதைத்தான், விதையை அல்ல.
குரல் மாறாது, மீசை உதிராது,
ஆசை இருந்த இடத்திலேயே இருக்கும்.
தொற்று நோயைத் தடுக்குமா? தடுக்காது.

மர்டோவின் பண்ணையில் ஒரு கிடா உண்டு,
காதில் நீலத் தோடு,
குழாய் வெட்டப்பட்டவன்.
பெட்டைகளின் பருவத்தைக் கிளப்பிவிட
அவனைத்தான் முதலில் உள்ளே விடுவார்கள்.
அவனுக்கு யாரும் படம் போட்டுக் காட்டவில்லை.
வேலியைத் தாண்டும் அந்த வேகத்தில்
ஒரு குறையும் நான் கண்டதில்லை.

பேனாவை மூடிவிட்டு டாக்டர் கேட்டார்:
"திரும்ப இணைக்கலாம், எல்லோருக்கும் கூடிவராது.
வழி திரும்பாது என்றே நினைத்து முடிவெடுங்கள்.
இந்தக் கல்யாணம் முறிந்தால்?
பிள்ளைகளில் ஒருவர் இல்லாமல் போனால்?"

கேலமுக்கு ஆஸ்துமா.
ஜன்னலுக்கு வெளியே ஒருவர்
தள்ளுவண்டியை மடிக்கத் தெரியாமல்
காலால் உதைத்துக்கொண்டிருந்தார்.
"போனவன் இடத்தில்
இன்னொருவனை வைக்க முடியாது"
என்றாள் நைரி. டாக்டரிடம் அல்ல.

யோசிக்க ஒரு வாரம் கேட்டேன்.
மூன்று வாரம் ஆனது.
யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

ஊசிக்கு ஒரு கெட்ட வார்த்தை.
பிறகு அடிவயிற்றில்
யாரோ கயிறு இழுப்பதுபோல் ஓர் இழுவை மட்டும்.
ரேடியோவில் ரக்பி முதல் பாதி முடிவதற்குள்
கால்சட்டை போடச் சொல்லிவிட்டார்கள்.
இரண்டு நாள் சோபா,
துணியில் சுற்றிய உறைந்த பட்டாணிப் பொட்டலம்,
மூன்றாம் நாள் கத்தரிக்காய் நிறம்.
நான்காம் நாள் திமிரெடுத்து
ஒரு கம்பளி மூட்டையைத் தூக்கினேன்.
ஐந்தாம் நாள் வாத்து நடை.

அடுத்து வருகிறவரே, தூக்காதீர்.
வீக்கம் ஏறினால், காய்ச்சல் கண்டால்
வீரம் பேசாமல் போன் செய்யும்.
ரெக்ஸுக்கு வருஷம் இரண்டாகியும்
குனியும்போது முகம் சுளிக்கிறது.
அப்படியும் சிலருக்கு ஆகலாம் என்று
முன்பே சொன்னார்கள்.
சொன்னதால்தான் கையெழுத்துப் போட்டேன்.

வெட்டியதும் முடிந்தது என்று நம்புகிறவனுக்குத்தான்
மூன்றாவது பிள்ளை பிறக்கும்.
குழாயில் பழைய சரக்கு மிச்சமிருக்கும்.
மூன்று மாதம், இருபது தடவை;
நைரி நாட்காட்டியில்
ஆட்டுக் கணக்குப்போல ஐந்தைந்தாகக் கோடிட்டாள்.
அதுவரை மாத்திரையை நிறுத்தவில்லை.

செப்டம்பர். குட்டிகள் போடும் காலம்.
சின்ன பாட்டில் ஒன்று என் அக்குளில்,
சூடு ஆறக் கூடாதாம்.
இன்வர்கார்கில் ஆய்வகத்துக்கு ஐம்பது நிமிடம்,
கையில் இருப்பதோ ஒரு மணி நேரம்.
வளைவு திரும்பினால் சாலை முழுக்க
மர்டோவின் கிடாக்கள்.

மர்டோ ஜன்னலில் சாய்ந்தார்.
மழை. கம்பளி விலை. மறுபடி மழை.
"எங்கே இந்த ஓட்டம்?"
"ஆய்வகம்."
"சளியா?"
"கிட்டத்தட்ட."
கடைசியாக நீலத் தோட்டுக்காரன் கடந்தான்.
என் பம்பரை மோந்துவிட்டு
அவசரமே இல்லாமல்.

இரண்டு நிமிடம் மிச்சம் வைத்துச் சேர்ந்தேன்.

பத்து நாளில் ஒரு வரிக் கடிதம்:
எதுவும் காணப்படவில்லை.
கேலமின் நீச்சல் சான்றிதழுக்குப் பக்கத்தில்
ஃபிரிட்ஜில் ஒட்டினாள் நைரி.
"அப்பாவும் பரீட்சை எழுதினாரா? எத்தனை மார்க்?"
"பூஜ்யம்" என்றாள்,
சிரிப்பை அடக்கமாட்டாமல்.